ஒப்படைக்கு ஸ்லைட் செய்யும் பிள்ளைகளுக்கும், அதற்குப் புள்ளி போடும் எங்களுக்கும்



போன கிழமை முழுக்கப் பெற்றோர் வட்ஸ்அப் குழுவில் ஒரே கதைதான். "சேர், ஒப்படைக்கு எத்தனை ஸ்லைட் வேணும்?", "அனிமேஷன் கட்டாயமா?", "கலர் பிரின்டும் சேர்த்துக் குடுக்கணுமா?" ஒரு உம்மா வொய்ஸ் போட்டிருந்தார். மகனுக்கு ஸ்லைட் செய்து கொடுக்க டவுனில் கொமியுனிகேஷனில் ஆயிரத்து ஐந்நூறு கேட்கிறார்களாம், கொடுப்பதா வேண்டாமா என்று கேட்டார். எங்களில் யாரும் உடனே பதில் போடவில்லை. பதில் தெரியாமல் இல்லை. பதில் சொன்னால் எங்களையே குறை சொல்ல வேண்டிவரும், அதுதான் காரணம். இப்போது சொல்கிறோம். கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

போன வருடம் தரம் 10 பிள்ளைகளுக்கு "எமது பிரதேசத்தில் மண்சரிவு" என்று ஒரு ஒப்படை கொடுத்தோம். குழுவாகச் செய்து ஸ்மார்ட் அறையில் வந்து காட்ட வேண்டும், இருபது புள்ளி. கொடுத்த அறிவுறுத்தலை நாங்களே எழுதினோம்: குறைந்தது பத்து ஸ்லைட், முதல் பக்கத்தில் பெயர்கள், படங்கள், அனிமேஷன், முடிவுரை, நன்றி. அதில் எங்கேயும் "கேட்கிறவனுக்கு விளங்க வேண்டும்" என்று ஒரு வரி கூட இல்லை. அன்று அது எங்கள் கண்ணில் படவும் இல்லை.

முதலில் வந்த குழு இருபத்து மூன்று ஸ்லைட் கொண்டுவந்தது. தலைப்பு சுழன்று சுழன்று வந்து விழுந்தது, பின்னணியில் நீல நிற அருவி, எழுத்து மஞ்சள். ஆறாவது ஸ்லைட்டுக்குப் பிறகு தமிழ் காணாமல் போய் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக வரத் தொடங்கியது. கடைக்காரத் தம்பி பாதியைப் பாமினியில் அடித்திருக்கிறார், எங்கள் கணினியில் பாமினி இல்லை. பிள்ளைகள் திகைத்துப் போனார்கள். திரையில் இருந்ததைப் பார்த்து வாசிப்பதற்கு மட்டும்தான் அவர்கள் ஆயத்தமாக வந்திருந்தார்கள், அந்தத் திரை இப்போது வாசிக்க முடியாததாகிவிட்டது. வாசிக்க முடிந்த ஸ்லைட் ஒன்றில் "நிலச்சரிவு ஏற்பட்டால் உடனடியாக மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் தெரிவிக்கவும்" என்று இருந்தது. பதுளையில் ஏது மாவட்ட ஆட்சியர்? நாம் நிலச்சரிவு என்றா சொல்கிறோம்? எங்கிருந்தோ அப்படியே எடுத்து ஒட்டியது. படத்தில் இருந்த மலை கேரளத்து வயநாடு, 2024 ஜூலையில் பேரழிவு நடந்த இடம். பதுளை மாவட்டத்துப் பிள்ளைகள் மண்சரிவைக் காட்ட வயநாடு வரை போயிருக்கிறார்கள்.

அடுத்து வந்த குழுவில் பேசியது பசறைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வரும் பொடியன். போனிலேயே செய்த நான்கு ஸ்லைட். முதலாவதில் ஒரு கண்ணாடிப் போத்தலின் படம், வேறொன்றுமில்லை. அடியிலிருந்து மேல்வரை ஒரே அகலமான போத்தல், வாய் திறந்தது. ஏழரை சென்ரிமீற்றரில் மஞ்சள் டேப், பத்தில் செம்மஞ்சள், பதினைந்தில் சிவப்பு. அவன் சொன்னது இவ்வளவுதான்: "இத வெளியில வெச்சோம் சேர். இருபத்து நாலு மணித்தியாலத்துல தண்ணி மஞ்சளுக்கு வந்தா கவனமா இருக்கணும். செம்மஞ்சளுக்கு வந்தா சாமானெல்லாம் கட்டி வைக்கணும். செவப்புக்கு வந்தா லயத்துல ஒருத்தரும் இருக்கக் கூடாது."

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு எச்சரிக்கைக்குச் சொல்லும் அளவுகள் அவைதான்: 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர், 100, 150. வானொலியில் "மூன்றாம் கட்டச் சிவப்பு எச்சரிக்கை" என்று கேட்டால் நம்மில் எத்தனை பேருக்கு அது எவ்வளவு மழை என்று மனக்கண்ணில் தெரியும்? அவன் அதை ஒரு போத்தலில் காட்டிவிட்டான். நேரான பாத்திரமென்றால் வாய் சின்னதோ பெரியதோ பரவாயில்லை, நிற்கும் தண்ணீரின் உயரம்தான் மழையின் அளவு. அதையும் அவனே விளக்கினான்.

இரண்டாவது ஸ்லைட் அவர்கள் லயத்துச் சுவரிலுள்ள வெடிப்பு, பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடுத்த படம். மூன்றாவது ஒரு கையால் வரைந்த பாதை: லயம், பீலி, கோயில், தொழிற்சாலை, ஓட வேண்டிய பக்கம் அம்புக்குறியோடு. நான்காவதில் 117 என்ற இலக்கம் மட்டும், திரை நிறைய. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் அவசர இலக்கம்.

வகுப்பு அப்படி அமைதியாக இருந்து நாங்கள் பார்த்ததில்லை. கடைசி வாங்கிலிருந்து ஒரு பிள்ளை எழும்பி, "ராத்திரில மழ பெஞ்சா போத்தல யாரு போய்ப் பாக்குறது?" என்று கேட்டது. இருபத்து மூன்று ஸ்லைட்டுக்கு ஒரு கேள்வியும் வரவில்லை.

அவனுக்கு நாங்கள் போட்ட புள்ளி பன்னிரண்டு. பத்து ஸ்லைட் இல்லை, அனிமேஷன் இல்லை, முடிவுரை இல்லை, நன்றி இல்லை. முதல் குழுவுக்குப் பதினாறு. எங்கள் அட்டவணைப்படி கூட்டினால் அதுதான் வந்தது. அன்று மாலை பஸ்ஸில் போகும்போது அந்தப் புள்ளிகள் மனதைக் குடைந்தன. ஆனாலும் பதிவேட்டில் ஏற்றியதை மாற்றவில்லை. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

மண்சரிவு நமக்குப் பாடப்புத்தகத்து அத்தியாயம் மட்டுமல்ல. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை இந்த மாவட்டத்தில் மறந்தவர்கள் யாருமில்லை. அந்த இடம் ஆபத்தானது என்று 2005 இலும் 2011 இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது பிறகு வெளியே வந்தது. ஏன் அந்தச் சனம் அங்கேயே இருந்தது என்பதற்கு காணி, வீடு, நிர்வாகம் என்று பெரிய பதில்கள் உண்டு. ஸ்லைட்டைத் திருத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லும் அளவுக்கு நாங்கள் அப்பாவிகள் இல்லை. ஆனால் ஒரு தகவல் கடதாசியில் இருப்பதும், ஒரு மனிதனின் தலைக்குள் போய் அவனுடைய காலை நகர்த்துவதும் வேறு வேறு காரியம். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்து பதுளை மாவட்டம் பட்ட பாட்டுக்குப் பிறகு இதை விளக்கத் தேவையில்லை. நம் பிள்ளைகள் வகுப்பில் பழக வேண்டியது இந்த இரண்டாவது காரியம். அதைப் பழகக் கிடைக்கும் நல்ல சந்தர்ப்பம் இந்த ஸ்லைட் ஒப்படை. நாங்களோ அதைச் சோடனைப் போட்டியாக ஆக்கி வைத்திருக்கிறோம்.

"ஒரு ஸ்லைட்டில் என்ன இருக்கிறது, இவ்வளவு பெரிதாகப் பேச?" என்று கேட்பவர்களுக்காக நம் ஊரை விட்டுக் கொஞ்சம் தூரமான கதை ஒன்று. 2003 ஜனவரியில் கொலம்பியா விண்ணோடம் ஏவப்பட்டு ஒன்றரை நிமிடத்துக்குள் வெளித் தொட்டியிலிருந்து ஒரு நுரைத் துண்டு பிய்ந்து இடது இறக்கையில் அடித்தது. ஆட்கள் மேலே விண்வெளியில் இருக்கும்போதே கீழே பொறியியலாளர்கள் சேதத்தை ஆராய்ந்து ஸ்லைட்டுகளில் போட்டு அதிகாரிகளுக்குக் காட்டினார்கள். அதில் ஒரு ஸ்லைட் பின்னாளில் பேர் போனது. தலைப்பு ஆறுதலாக இருந்தது. கீழே புள்ளிக்குள் புள்ளி, அதற்குள் இன்னொரு புள்ளி என்று எழுத்து சிறுத்துக்கொண்டே போனது. ஆக அடியில், சின்ன எழுத்தில், உண்மையான செய்தி கிடந்தது: முன்பு சோதித்துப் பார்த்த துண்டு 3 கன அங்குலம், இப்போது அடித்ததோ 1920 கன அங்குலம் என்று கணிக்கப்படுகிறது. அதாவது 640 மடங்கு. அந்தச் சோதனையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதுதான் அதன் அர்த்தம். பார்த்தவர்கள் தலைப்பைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பெப்ரவரி 1 இல் திரும்பி வரும்போது விண்ணோடம் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள், கல்பனா சாவ்லாவும் அதில் ஒருவர். அந்த ஸ்லைட்தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் விபத்தை விசாரித்த சபை தன் அறிக்கையில் அந்த ஸ்லைட்டை எடுத்து வைத்து, ஒரு உயிராபத்து இப்படிச் சின்ன எழுத்துக்குள் ஒளிந்துபோகலாம் என்று காட்டியது. பெரிய படிப்புப் படித்தவர்களுக்கே இந்தக் கதி.

ஆகவே பிள்ளைகளே, முதலில் போனையும் லெப்டொப்பையும் தூர வையுங்கள். ஒரு கொப்பித் தாளை எடுத்து, நீங்கள் பேசி முடித்த பிறகு கேட்டவன் வீட்டில் போய்ச் சொல்ல வேண்டிய ஒரே வசனத்தை எழுதுங்கள். அந்த வசனம் வராவிட்டால் ஸ்லைட் செய்யத் தொடங்க வேண்டாம், இன்னும் வாசியுங்கள், இன்னும் நாலு பேரிடம் கேளுங்கள். வசனம் வந்துவிட்டால் அதை நம்ப வைக்க என்னென்ன காட்ட வேண்டும் என்று அதே தாளில் சின்னச் சின்னப் பெட்டியாக வரையுங்கள். ஒரு பெட்டிக்கு ஒரு விஷயம். "மண்சரிவின் காரணங்கள்" என்று தலைப்பிட்டு ஒன்பது புள்ளி போடுவதை விட, "வடிகான் அடைத்தால் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கும்" என்று முழு வசனத்தைத் தலைப்பாகப் போட்டு, உங்கள் தோட்டத்து அடைபட்ட வடிகானை ஒரு படமெடுத்துப் போடுங்கள். மற்ற எட்டையும் வாயால் சொல்லலாம், அல்லது விட்டுவிடலாம். தெரிந்ததையெல்லாம் ஒரே நாளில் கொட்டத் தேவையில்லை.

எழுத்தின் அளவைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். இருபத்தெட்டா, முப்பத்திரண்டா என்று எண்ணைக் கேட்பதை விட இப்படிச் செய்து பாருங்கள். எங்கள் ஸ்மார்ட் அறையில் திரை ஐந்தடி அகலம், கடைசி வாங்கு இருபத்தைந்தடி தள்ளி. ஐந்து மடங்கு. உங்கள் லெப்டொப் திரை ஏறக்குறைய ஓரடி அகலம். அப்படியானால் ஐந்தடி தள்ளிப் போய் நின்று பாருங்கள். போனைப் படுக்கையாக வைத்தால் அரையடி, இரண்டரை அடி தள்ளி வைத்துப் பாருங்கள். வாசிக்க முடியாவிட்டால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், இடம் போதாவிட்டால் சொல்லைக் குறையுங்கள். நம் தமிழ் எழுத்துக்குச் சுழியும் கொம்பும் அதிகம். ஆங்கிலம் தெரிகிற அளவில் "ணை"யும் "னை"யும் ஒன்றாகிவிடும். தடித்த எழுத்தாக்கினால் சுழியெல்லாம் அடைபட்டு இன்னும் மோசம். வரிக்கு வரி இடைவெளியும் கூடுதலாக விட வேண்டும், இல்லாவிட்டால் மேல்வரியின் "கு"வின் வால் கீழ்வரியின் "கி"யின் கொம்பில் போய் முட்டும்.

நிறம்: எங்கள் மல்டிமீடியா பழையது, பல்பு மங்கல். யன்னலுக்குத் திரைச்சீலையும் இல்லை. காலை வெயில் நேரே திரையில் விழும். வெள்ளையில் கறுப்பு, அல்லது இளம் மஞ்சளில் கருநீலம், இவை எந்த வெளிச்சத்திலும் தப்பிவிடும். அருவிப் பின்னணி தப்பாது. அனிமேஷன் வேண்டவே வேண்டாம். ஒரு படத்தில் முதலில் மலையையும் பிறகு வெடிப்பையும் ஒழுங்காகக் காட்டத்தான் வேண்டுமென்றால் இரண்டு ஸ்லைட்டாகப் போடுங்கள், அது எந்தக் கணினியிலும் ஓடும்.

பாமினிக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டில் அச்சகமும் கொமியுனிகேஷனும் இத்தனை காலம் ஓடியதில் பாமினிக்குப் பெரும் பங்கு உண்டு, அதைக் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்தியது. அதில் அடித்த "அம்மா" அந்த எழுத்துரு இல்லாத கணினியில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று வந்து நிற்கும். போனில் தமிழ் விசைப்பலகையில் அடித்தால் அது யுனிகோட், எங்கே திறந்தாலும் தமிழாகவே இருக்கும். எதற்கும் பிடிஎப்பாக ஒரு பிரதியும் சேமித்துக் கொண்டு வாருங்கள். அந்தப் பொடியன் போனில் செய்ததால் அவனுடைய தமிழ் உடையவில்லை. வசதி குறைவு என்று நாம் நினைத்ததே அன்று அவனுக்கு உதவியாகிவிட்டது.

சட்ஜிபிடி, கன்வா பற்றியும் கேட்கிறீர்கள். பாவிக்க வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை, சொன்னாலும் கேட்க மாட்டீர்கள். விளங்காத ஒன்றை விளக்கமாகக் கேட்கப் பாவியுங்கள். ஆனால் அது உங்கள் லயத்துச் சுவரைப் பார்க்கவில்லை. உங்கள் கிராம சேவகர் யாரென்று அதற்குத் தெரியாது. ஆட்சியரிடம் போகச் சொல்லும். அது எழுதிக் கொடுத்த ஒவ்வொரு வரியையும் "இது நம்ம ஊரில் உண்மையா?" என்று யாரிடமாவது கேட்டுவிட்டுப் போடுங்கள். பல தோட்டங்களில் மழைமானி வைத்துத் தினமும் குறித்துவைக்கும் வழக்கம் உண்டு. போய் மரியாதையாகக் கேட்டால் காட்டுவார்கள். அந்த ஒரு வாரக் கணக்கு, இணையத்திலிருந்து இறக்கும் எந்தப் படத்தையும் விடப் பெறுமதியானது.

பேசும்போது திரைக்கு முகத்தைக் காட்டி முதுகை எங்களுக்குக் காட்டாதீர்கள். ஜும்ஆவில் நல்ல கதீப் ஒருவர் இருபது நிமிடம் பேசினால் வீட்டுக்கு வந்து அதைத் திருப்பிச் சொல்ல நம்மால் முடிகிறது. அவரிடம் ஏது ஸ்லைட்? கோயில் திருவிழாவில் கதை சொல்பவரிடமும் இல்லை. வாசிப்பதற்கு ஸ்லைட் போடுவதானால் அதைப் பிரின்ட் எடுத்துக் கொடுத்துவிட்டு உட்காரலாமே. கரன்ட் போனாலும் பேச முடிகிறதா என்று வீட்டில் ஒரு தடவை ஸ்லைட் இல்லாமல் பேசிப் பாருங்கள். 2022 இல் நாளுக்கு எத்தனை மணித்தியாலம் இருட்டில் இருந்தோம் என்று மறந்திருக்க மாட்டீர்கள்.

இனிப் பெற்றோருக்கு. அந்த உம்மாவுக்கு எங்கள் பதில்: கொடுக்க வேண்டாம். ஆயிரம் ரூபா நாட்சம்பளம் என்பதே 2021 இல் எவ்வளவு இழுபறிக்குப் பிறகு வந்தது என்று தோட்டத்துப் பெற்றோருக்குத் தெரியும். ஒரு நாள் கொழுந்தை முழுதாகக் கடையில் கொடுத்து வாங்கும் ஸ்லைட்டில் பிள்ளைக்கு ஒன்றும் சேர்வதில்லை. கடைக்காரச் சகோதரர்கள் கோபிக்க வேண்டாம். அவர்கள் வாயை நிரப்ப உழைக்கிறார்கள். அந்த வியாபாரத்தை உண்டாக்கியது எங்கள் அட்டவணை. பத்து ஸ்லைட்டும் அனிமேஷனும் நாங்கள் கேட்டோம், அவர்கள் விற்றார்கள்.

எங்களுக்குள்ளும் இதில் ஒரே கருத்து இல்லை. "தொழில்நுட்பமும் பிள்ளை பழகத்தானே வேண்டும், நாளைக்கு கம்பஸுக்குப் போய் என்ன செய்யும்?" என்று ஒரு டீச்சர் கேட்டார். நியாயமான கேள்வி. பழகட்டும், ஆனால் பாடசாலைக் கணினியில், எங்கள் முன்னால் பழகட்டும். வீட்டில் கணினி உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே அளவுகோலில் நிற்க வேறு வழி எங்களுக்குத் தோன்றவில்லை.

அடுத்த தவணையிலிருந்து இப்படிச் செய்யப் போகிறோம், இன்ஷா அல்லாஹ். ஆறு ஸ்லைட்டுக்கு மேல் எடுக்க மாட்டோம். கொப்பித் தாளில் வரைந்த பெட்டிகளுக்கு ஐந்து புள்ளி, அதைப் பிள்ளையின் கையெழுத்தில் பார்க்க வேண்டும். சொந்த ஊரில் தானே பார்த்த, அளந்த, கேட்ட ஒன்றுக்கு ஐந்து. கடைசி வாங்கிலிருந்து வாசிக்க முடிந்தால் மூன்று. கேள்விக்குப் பதில் சொல்வதற்கு ஏழு. போனும் இல்லாத பிள்ளை டிமை பேப்பரில் எழுதி ஒட்டினாலும் இதே புள்ளிதான், ஒன்றும் குறையாது. நன்றி சொல்லும் ஸ்லைட்டுக்குப் புள்ளி இல்லை, நன்றியை வாயால் சொல்லுங்கள்.

போத்தல் கொண்டுவந்த பொடியனைப் பிறகு ஒரு மழை நாளில் கண்டோம். எப்படிப் போகிறது உன் மழைமானி என்று கேட்டோம். டேப் எல்லாம் நனைந்து கழன்றுவிட்டதாம், அக்காவின் கியூட்டெக்ஸில் கோடு போட்டிருக்கிறானாம். ராத்திரியில் பார்ப்பதற்கு லயத்தில் முறை போட்டிருக்கிறார்களாம், அவனுடைய முறை வியாழக்கிழமை.

செவ்வாயும் வியாழனும் பாடசாலை விட்டதும் மூன்று மணி வரை ஸ்மார்ட் அறை திறந்திருக்கும், ஒப்படை செய்யும் பிள்ளைகளை அனுப்புங்கள். தூரத் தோட்டப் பிள்ளைகள் கடைசி பஸ்ஸை விடாதபடி முதலில் அவர்களுக்குக் கணினி தருவோம். வீட்டில் பாவனையில் இல்லாத பழைய லெப்டொப்போ, யன்னலுக்குப் போடக்கூடிய கறுப்புத் துணியோ இருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், வந்து எடுத்துக்கொள்கிறோம்.

வஸ்ஸலாம்.